கிளாரினெட், சாக்ஸபோன் மவுத்பீஸ் அளக்கும் கேஜ்களை நம்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மவுத்பீஸை ரீஃபேஸ் செய்கிறவர்களும் (ரீட் உட்காரும் பக்கத்து வளைவைத் தேய்த்துத் திருத்துகிறவர்கள்), வாங்கும் முன் அளந்து பார்க்க நினைக்கும் வாசிப்பாளர்களும் கேட்கிற கேள்விகள் இவை. கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஒரே ஒரு பி-ஃபிளாட் கிளாரினெட் மவுத்பீஸை மனதில் வைத்துப் போட்டவை. அதன் டிப் ஓப்பனிங் 1.10 மி.மீ., ஃபேசிங் நீளம் 34 (அரை மி.மீ. கோடுகளில், அதாவது 17 மி.மீ.), ஃபேசிங் வளைவு வட்டத்தின் ஒரு துண்டு; இந்தச் சொற்களுக்கு விளக்கம் அடுத்த பதிலில். சாக்ஸபோனுக்கு எண்கள் மாறும், கணக்குப் போடும் வழி மாறாது.

மவுத்பீஸில் அளப்பது எதை?

ரீட் படுத்திருக்கும் தட்டையான பகுதி டேபிள். அதிலிருந்து இரண்டு பக்க ரெயில்களும் (ரீடின் ஓரங்கள் படியும் குறுகிய விளிம்புகள்) மெல்ல வளைந்து விலகி நுனிக்குப் போகின்றன. அந்த வளைவுதான் ஃபேசிங். நுனியில் ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் இடையில் இருக்கும் இடைவெளி டிப் ஓப்பனிங்.

அளப்பதற்குத் தட்டையான ஒரு கண்ணாடியை டேபிள் மேல் வைக்கிறோம். அதில் அரை மி.மீ. இடைவெளியில் கோடுகள் இருக்கும். நுனியைப் பூஜ்ஜியக் கோட்டில் நிறுத்தி, கண்ணாடிக்கும் ரெயிலுக்கும் நடுவே ஃபீலர் தகடுகளை (தடிமன் தெரிந்த மெல்லிய எஃகுத் தகடுகளை) ஒவ்வொன்றாக விட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்கிறோம். வழக்கமான தகடுகள் அங்குலக் கணக்கில் 0.0015, 0.010, 0.024, 0.034. அமெரிக்காவில் எல்கார்ட் நகரத்து எரிக் பிராண்டின் பெயரால் வழங்கும் முறை இது. இன்றும் பெரும்பாலானவர்கள் இந்த எண்களிலேயே பேசுகிறார்கள். நம் மாதிரி மவுத்பீஸ் ஏறக்குறைய 34, 22, 11, 5 என்று காட்டும். டிப் ஓப்பனிங்கை மட்டும் ஆப்பு கேஜிலோ (இடைவெளிக்குள் விடும், கோடு போட்ட சரிவான துண்டு) டயல் கேஜிலோ (முள் காட்டும் கருவி) தனியாக எடுப்பார்கள்.

இத்தனை கேஜ்களில் எதை முதலில் சந்தேகப்பட வேண்டும்?

மிக மெல்லிய தகட்டை. அதற்கு அடுத்தபடியாகக் கண்ணாடியை. மற்றவை எல்லாம் பிறகு.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்ற பதில்கள் பாதி தானாக வந்துவிடும். டேபிளை விட்டு ஃபேசிங் விலகத் தொடங்கும் இடத்தில் இடைவெளி மிக மிக மெதுவாக வளர்கிறது. வளைவு தொடங்கிய இடத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால்தான் இடைவெளி நான்கு மடங்காகும். 0.0015 அங்குலத் தகடு 0.038 மி.மீ. தடிமன் உள்ளது. நம் மவுத்பீஸில் அது 34-ல் நிற்கும்போது, உண்மையான வளைவு அதற்கும் கிட்டத்தட்ட 4 மி.மீ. முன்பே தொடங்கியிருக்கிறது. தகடு நிற்கிற இடத்தில் சரிவு ஏறத்தாழ ஐம்பதுக்கு ஒன்று. அப்படியானால் தடிமனில் 0.01 மி.மீ. பிழை வந்தால் ரீடிங் அரை மி.மீ. நகரும். 34 என்பது 33 ஆகிவிடும்.

அதே 0.01 மி.மீ. பிழை 0.034 அங்குலத் தகட்டில் இருந்தால்? அங்கே சரிவு பதினொன்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறது. ரீடிங் 0.1 மி.மீ.தான் நகரும், ஒரு கோட்டில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது.

ஆகவே எல்லாத் தகடுகளையும் ஒரே கவனத்தோடு சோதிப்பது வீண் வேலை. பெரிய தகடுகளை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும். மெல்லியதைத்தான் துரத்தித் துரத்திப் பார்க்க வேண்டும். செட்டிலேயே சீக்கிரம் மடிந்து, சுருண்டு, ஓரம் பிசிறு தட்டிப் போவதும் அதுதான்.

அந்த மெல்லிய தகட்டை எப்படி அளப்பது?

டிஜிட்டல் வெர்னியர் வேண்டாம். 150 மி.மீ. வெர்னியர் ஒன்றில் 0.02 மி.மீ. பிழை சாதாரணமாக அனுமதிக்கப்பட்டது. நீங்கள் அளக்கப்போவதே 0.038. பள்ளியில் பார்த்த திருகு அளவி மாதிரி 0.01 மி.மீ. மீச்சிற்றளவு உள்ள மைக்ரோமீட்டரும் இதற்குப் போதாது. 0.001 மி.மீ. வரை காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும்.

காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு என்பதால் மைக்ரோமீட்டரையும் சோதித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஸ்லிப் கேஜ் (அளவு துல்லியமாகத் தெரிந்த எஃகுத் துண்டுகள்) இருந்தால் அழகான வழி ஒன்று உண்டு. 1.00 மி.மீ. துண்டை அளங்கள், பிறகு 1.04 துண்டை அளங்கள். வித்தியாசம் 0.040 என்று வந்தால், நமக்கு வேண்டிய அந்தச் சின்ன வித்தியாசத்தை உங்கள் மைக்ரோமீட்டர் ஒழுங்காகக் காட்டுகிறது என்று அர்த்தம். சுழிப்பிழை இருந்தாலும் கவலையில்லை, கழித்தலில் அது போய்விடும்.

பிறகு தகடு. முதலில் எண்ணெய் போகத் துடைக்க வேண்டும். புதுத் தகடுகள் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசித்தான் வரும், அந்தப் படலமே ஓரிரு மைக்ரான் இருக்கலாம். மைக்ரோமீட்டரின் முனையில் இருக்கும் ராட்செட்டைத் திருப்பித்தான் இறுக்க வேண்டும், விரலால் இறுக்கக் கூடாது. நுனியில், நடுவில், இரண்டு ஓரங்களிலும் தனித்தனியாக அளங்கள். நடுவில் 0.038, ஓரத்தில் 0.045 என்றால் தகடு கெட்டுப்போகவில்லை, ஓரத்தில் பிசிறு இருக்கிறது. ஆயில் ஸ்டோனில் படுக்க வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். மடிப்பு விழுந்திருந்தால் அந்தத் தகட்டை நேராக்கப் பாடுபடாதீர்கள். புதியது வாங்குங்கள்.

மோட்டார் ஸ்பேர் கடையில் விற்கும் மி.மீ. ஃபீலர் செட் ஆகாதா?

ஆகும், ஒரு தகட்டைத் தவிர. 0.010 அங்குலத்துக்கு (0.254 மி.மீ.) பதில் 0.25, 0.024-க்கு (0.610) பதில் 0.60, 0.034-க்கு (0.864) பதில் 0.85 என்று எடுத்துக்கொண்டால் ரீடிங் 0.15 மி.மீ.க்கு மேல் மாறாது. வால்வ் கிளியரன்ஸ் பார்க்கும் அதே செட்.

சிக்கல் மெல்லிய தகட்டில். பல செட்களில் 0.05-தான் ஆகச் சிறியது. 0.038 இருக்க வேண்டிய இடத்தில் அதை விட்டால் ரீடிங் ஒரு கோட்டுக்கும் மேலே குறைந்துவிடும், 34 உள்ள மவுத்பீஸை 33 என்பீர்கள். 0.04 மி.மீ. தகடு அல்லது ஷிம் தனியாகக் கிடைத்தால் வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் ஐந்தில் ஒரு கோடுதான். கிடைக்கவில்லை என்றால் 0.05-ஐயே வைத்துக்கொண்டு, இன்னொருவரிடம் எண்ணைச் சொல்லும்போது "0.05-ல் 33" என்று சொல்லுங்கள். தடிமனைச் சொல்லாத ஃபேசிங் எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை.

(அங்குலம் என்றால் எந்த அங்குலம் என்று யோசிக்கத் தேவையில்லை. 1959-ல் 25.4 மி.மீ. என்று முடிவாகிவிட்டது.)

கண்ணாடியில் என்ன பிழை வரும்?

இரண்டு வகை: தட்டையாக இல்லாமல் இருப்பது, கோடுகள் தவறாக இருப்பது.

தட்டையாக இல்லாவிட்டால் அதன் விளைவும் மெல்லிய தகட்டின் பிழை மாதிரியே பெருகும். கண்ணாடி 0.01 மி.மீ. வளைந்திருந்தால் முதல் ரீடிங்கில் ஒரு கோடு போச்சு. ஆப்டிகல் ஃபிளாட் (மிகத் தட்டையாகத் தேய்த்த கண்ணாடி வட்டு) வைத்துச் சோடியம் விளக்கில் பார்த்தால் தெரியும் ஒளிப்பட்டைகளில் ஒவ்வொன்றும் 0.3 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவான உயர வித்தியாசத்தைக் காட்டும். ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. டூல் ரூமில் இருக்கும் கத்திமுனை ஸ்ட்ரெய்ட் எட்ஜைக் கண்ணாடி மேல் நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். சில மைக்ரான் இடைவெளி இருந்தாலே வெளிச்சம் கசிவது தெரியும்.

கண்ணாடி தட்டையாகவே இருந்து, பிடிக்கும் விரல் அதை வளைப்பதும் உண்டு. 3 மி.மீ. கண்ணாடி, 6 மி.மீ. கண்ணாடியைப் போல எட்டு மடங்கு எளிதாக வளையும். மெல்லிய கண்ணாடியை வைத்துக்கொண்டு மெல்லிய தகட்டைத் திட்டுவதில் நியாயமில்லை.

கோடுகளைச் சரிபார்க்கக் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் தூசி படிந்து கிடக்கும் நகரும் நுண்ணோக்கி போதும். 0.01 மி.மீ. வரை படிக்கும், நமக்குத் தேவைக்கும் அதிகம். யாராவது தெரிந்த ஆசிரியர் இருந்தால் அரைமணி நேர வேலை. இல்லையென்றால் நல்ல எஃகு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து லென்ஸில் பாருங்கள், பூஜ்ஜியமும் 40-வது கோடும் 20 மி.மீ.யில் நிற்கின்றனவா என்று. பெரிய தவறு இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, கோடுகள் மவுத்பீஸைத் தொடும் பக்கத்தில் இருக்க வேண்டும். மேல்பக்கம் இருந்தால் கண்ணைச் சற்றுச் சாய்த்தாலே ஒரு கோடு தள்ளித் தெரியும்.

ரீடிங் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. கேஜ் தவறா, என் கை தவறா?

எந்த ரீடிங் எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே விடை கிடைக்கும்.

நான்கு ரீடிங்கும் ஒரே அளவு கூடியோ குறைந்தோ இருந்தால் நுனியைப் பூஜ்ஜியக் கோட்டில் நிறுத்துவதில்தான் தவறு. நுனி வளைந்தது என்பதால் அதன் நடுப்பகுதியைத்தான் கோட்டில் வைக்க வேண்டும். முதல் ரீடிங் மட்டும் ஆடினால் மெல்லிய தகடு, கண்ணாடி, அல்லது டேபிள் மேல் ஒட்டியிருக்கும் தூசி. நீளம் அதிகமான ரீடிங்குகளில் வித்தியாசம் அதிகமாகவும் குறைவானவற்றில் குறைவாகவும், அதே விகிதத்தில் இருந்தால் கோடுகள்.

கை என்றால் பெரும்பாலும் தள்ளும் விசை. ஐம்பதுக்கு ஒன்று சரிவில் தகடு ஆப்பு மாதிரி வேலை செய்கிறது. நீங்கள் மெதுவாகத் தள்ளும் விசை பல மடங்காகிக் கண்ணாடியைத் தூக்கும். அதனால்தான் மவுத்பீஸை நுனி மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து, தகட்டைத் தன் எடையிலேயே இறங்க விடுவது நல்ல பழக்கம். 0.0015 தகடு அவ்வளவு லேசானது என்பதால் அதை விரல் நுனியால் கொஞ்சம் தட்டிவிட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் அதே அளவு தட்டுவதுதான் பயிற்சி.

டேபிளின் நடு குழிந்த மவுத்பீஸ்களும் உண்டு. அவற்றில் கண்ணாடி இரண்டு முனைகளில் மட்டும் உட்காரும், சற்று அழுத்தினால் ஆடும். அது கேஜின் குற்றமில்லை.

இடது ரெயில் 34, வலது 32 என்று வருகிறது. மவுத்பீஸ்தான் கோணலா?

அரத்தையோ உப்புத்தாளையோ எடுக்கும் முன் தகட்டைக் குப்புறத் திருப்பி விட்டுப் பாருங்கள். கோணல் இடம் மாறி இடது 32, வலது 34 என்று வந்தால் தகடுதான் குற்றவாளி, ஒரு ஓரம் தடித்திருக்கிறது. மாறாமல் அப்படியே இருந்தால் கண்ணாடியைப் பக்கவாட்டில் சில மி.மீ. நகர்த்தி, ரெயில்கள் வேறு இடத்தில் உட்காரும்படி வைத்துப் பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் மவுத்பீஸைச் சந்தேகப்படலாம்.

திருப்பிப் பார்ப்பது அளவியலில் மிகப் பழைய உத்தி. எந்த உயர்ந்த கேஜும், எந்தச் சான்றிதழும் இல்லாமல், ஒரு கருவி தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும்படி செய்வது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்துபார்க்க நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். சமமாக இருந்த ரெயில்களைப் பிசிறுள்ள தகட்டின் பேச்சைக் கேட்டுத் தேய்த்தால் அந்த எபோனைட் (மவுத்பீஸ் செய்யும் கெட்டி ரப்பர்) திரும்ப வராது.

டிப் ஓப்பனிங் பார்க்கும் ஆப்பு கேஜை எப்படிச் சோதிப்பது?

மைக்ரோமீட்டரால் நேராக அளந்தால் ஏமாறுவீர்கள். அதன் தட்டை முகம் 6 மி.மீ.க்கு மேல் அகலம். சரிவான ஆப்பில் அது கோட்டை அளக்காது, தன் அகலத்துக்குள் வரும் தடித்த இடத்தை அளக்கும். 20-க்கு 1 சரிவில் கோடு முகத்தின் நடுவில் இருந்தால் 0.15 மி.மீ. கூடக் காட்டும்.

அதற்குப் பதில் தெரிந்த இடைவெளி ஒன்றை உண்டாக்குங்கள். தட்டையான கண்ணாடி மேல் ஒரே அளவுள்ள இரண்டு ஸ்லிப் கேஜ்களைத் தள்ளித் தள்ளி வைத்து, மேலே இன்னொரு கண்ணாடியை வைத்தால் நடுவில் இருப்பது துல்லியமான இடைவெளி. ஆப்பை விட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு செட்டில் ஒரு அளவுக்கு ஒரு துண்டுதான் இருக்கும் என்பதால் இரண்டாவதை இன்னொரு செட்டிலிருந்து எடுக்க வேண்டும். 87 துண்டு ஸ்லிப் செட்டில் 1.01 முதல் 1.49 வரை 0.01 மி.மீ. ஏற்றத்தில் துண்டுகள் இருக்கும். கிளாரினெட் டிப் ஓப்பனிங்குகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் விழுவது நம் அதிர்ஷ்டம். ஆல்டோ சாக்ஸபோனின் 1.70-க்கு 1.20-ஐயும் 0.50-ஐயும் சேர்க்க வேண்டும்.

இதில் தேறிய ஆப்பும் மவுத்பீஸில் தவறாகக் காட்டலாம் என்பதுதான் பலர் கவனிக்காதது. நம் மாதிரி மவுத்பீஸின் நுனியில் ஃபேசிங்கின் சரிவு ஏறத்தாழ பத்துக்கு ஒன்று. ஆப்பின் சரிவு இருபதுக்கு ஒன்று என்றால், உள்ளே போகப் போக ஆப்பு மெலிவதைவிட வேகமாக இடைவெளி குறுகுகிறது. ஆகவே ஆப்பு நுனி விளிம்பில் முட்டாது, டிப் ரெயிலின் (நுனியில் குறுக்கே ஓடும் விளிம்பின்) உள்விளிம்பில் முட்டி நின்றுவிடும். டிப் ரெயில் 0.8 மி.மீ. அகலம் என்றால் 1.10 இருப்பதை 1.06 என்று படிப்பீர்கள். ஸ்லிப் கேஜ் சோதனை இதைக் காட்டாது, அங்கே இடைவெளி ஒரே சீராக இருக்கிறது. சரிவு கூடிய ஆப்பு இதில் தப்பிக்கும். டயல் கேஜ் ரீடிங்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் ஆப்பு எந்த ரகம் என்று தெரியும்.

டயல் கேஜ் என்றால் கவலை இல்லையா?

வேறு கவலை. டயலைச் சோதிப்பது சுலபம்: தட்டையான பரப்பில் அடிப்பாகத்தை உட்கார வைத்துப் பூஜ்ஜியம் செய்யுங்கள். பிறகு அடிப்பாகத்தை இரண்டு 1.10 ஸ்லிப் கேஜ்கள் மேல் தூக்கி வைத்து முள்ளைப் பாருங்கள். 1.00, 1.20 என்று இன்னும் இரண்டு இடங்களிலும் பாருங்கள். பிளஞ்சர் (மவுத்பீஸைத் தொடும் நகரும் கம்பி) இறங்கும்போதும் ஏறும்போதும் வேறு வேறு எண் காட்டினால் உள்ளே அழுக்கு.

சாய்வைப் பற்றி அதிகம் பயப்படுகிறார்கள். பிளஞ்சர் 5 டிகிரி சாய்ந்திருந்தாலும் 1.10-ல் 0.004 மி.மீ.தான் தவறும். பிளஞ்சர் தொடும் இடம்தான் முக்கியம். நுனி விளிம்புக்கு 0.2 மி.மீ. உள்ளே தொட்டால் 0.02 மி.மீ. குறைவாகக் காட்டும். தட்டை முனையைவிடச் சிறிய உருண்டை முனையோ கத்தி முனையோ நல்லது.

கம்பெனி அறிவித்த எண்ணை வைத்துக் கேஜைச் சரிபார்க்கலாமா? என் பி45-ல் 1.17 காட்டுகிறது.

வாண்டோரன் கம்பெனி தன் கிளாரினெட் மவுத்பீஸ் மாடல்களில் பி45-க்கு 1.195 என்றும், 5ஆர்வி-க்கு 1.065 என்றும் அட்டவணையில் போடுகிறது. அது அந்த மாடலின் இலக்கு. உங்கள் கையில் இருக்கும் துண்டு வாசித்துத் தேய்ந்திருக்கலாம், யாராவது தொட்டிருக்கலாம், வெந்நீரில் கழுவி எபோனைட் சற்று வளைந்தும் இருக்கலாம். மவுத்பீஸை வைத்துக் கேஜைத் திருத்துவது தலைகீழ் வேலை.

ஆனால் ஒரு மவுத்பீஸை ஒதுக்கி, வாசிக்காமல், தேய்க்காமல், ஒப்பிட மட்டும் பெட்டியில் வைத்திருப்பது நல்ல யோசனை. அது உங்கள் கேஜ் சரியா என்று சொல்லாது, போன வருடம் இருந்தது போலவே இருக்கிறதா என்று சொல்லும். ரீஃபேஸ் வேலைக்கு அநேகமாக அதுவே போதும்.

ஸ்லிப் கேஜ் 20 டிகிரிக்கு என்கிறார்கள். எங்கள் ஊரில் 36 டிகிரி.

விட்டுவிடுங்கள். 1.10 மி.மீ. எஃகு 16 டிகிரி கூடினால் 0.0002 மி.மீ. வளரும். எபோனைட் எஃகைவிடப் பல மடங்கு விரிந்தாலும் இந்த அளவில் ஓரிரு மைக்ரான்தான். வாசித்து முடித்த ஈரத்தோடு அளக்காமல் இருந்தால் போதும்.

நாகஸ்வரத்துக்கும் இந்தக் கேஜ்கள் பயன்படுமா?

படாது. அதில் மவுத்பீஸே கிடையாது. சீவாளி இரட்டை நாக்கு, கெண்டையில் நேராக ஏறுகிறது. டேபிளும் இல்லை, ரெயிலும் இல்லை. ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக இசை வாசித்த கிளாரினெட்டுக்கும் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனுக்கும் இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாமே பொருந்தும்.

கேலிப்ரேஷன் சான்றிதழ் வாங்க வேண்டுமா?

மைக்ரோமீட்டருக்கு ஒருமுறை வாங்கினால் மனநிம்மதி. சென்னையிலும் கோவையிலும் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் நிறைய உள்ளன. ஃபீலர் செட்டுக்கும் கண்ணாடிக்கும் வாங்குவது காசுக்குக் கேடு என்பது என் கருத்து. சான்றிதழ் வந்த மறுநாள் 0.0015 தகடு மடிந்தால் அந்தக் காகிதத்தை என்ன செய்வது? அந்தப் பணத்தில் நான்கு தகடுகள் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஸ்லிப் கேஜ் செட் சொந்தமாக வேண்டியதில்லை. அம்பத்தூரிலோ பீளமேட்டிலோ கொஞ்சம் துல்லிய வேலை செய்யும் எந்த லேத் பட்டறையின் குவாலிட்டி அறையிலும் ஒன்று இருக்கும். கேட்டுப்போய் அங்கேயே அளந்துவிட்டு வரலாம். வெறும் கையால் துண்டுகளைத் தொடாதீர்கள், வியர்வையில் துரு ஏறும். பிறகு அடுத்த முறை உள்ளே விட மாட்டார்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிபார்ப்பது?

மெல்லிய தகட்டை வேலைக்கு உட்காரும்போதெல்லாம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, குப்புறத் திருப்பி ஒரு ரீடிங் எடுங்கள். டயல் கீழே விழுந்தால் உடனே. கண்ணாடியை, ஓரம் உடைந்தாலோ கீறல் விழுந்தாலோ. பெரிய தகடுகளை, ஏதாவது சந்தேகம் வந்தால்.